சுருள்வில்லா, காற்று வில்லா?
பழைய வண்டி வாங்கும் முன் ஓர் இயற்பியல் பாடம்

வைகாசித் திருவிழாவின்போது காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் தேர் வீதியில் அசைந்து வருவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வளவு பெரிய தேருக்கு வில் எதுவும் இல்லை. சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால் தேரும் ஏறுகிறது. இறங்கினால் தேரும் இறங்குகிறது. இருந்தும் தேர் குலுங்கி உடைவதில்லை. காரணம் அதன் வேகம்.

ஒரு மேட்டின் உயரம் மாறாதது. அதை ஏறிக் கடக்க ஆகும் நேரம்தான் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் நேரம் பாதியாகிறது. முடுக்கம் நேரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால் அது நான்கு மடங்காகிறது. தேர் மணிக்கு 2 கி.மீ. வேகத்திலும், ஒரு கார் 60 கி.மீ. வேகத்திலும் அதே மேட்டின் மேல் செல்வதாகக் கொள்வோம். வேகம் 30 மடங்கு. குலுக்கலோ 900 மடங்கு! ஆகவேதான் வேகமாக ஓடும் வண்டிக்கும் அதன் சக்கரத்துக்கும் இடையே வில் ஒன்று கட்டாயமாகிறது.

இந்த வில்லையும் அதைச் சார்ந்த உறுப்புகளையும் சேர்த்துத் தாங்கு அமைப்பு என்கிறோம். பட்டறைகளில் இதனைச் 'சஸ்பென்ஷன்' என்பார்கள். இன்று எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான பெரிய கார்களில் இது இரண்டு வகையாக வருகிறது. ஒன்று எஃகுச் சுருள்வில். மற்றொன்று ரப்பர் பைக்குள் அடைத்த காற்று.

நம் ஊரில் பட்டு வணிகர்களும், வாடகை வண்டி ஓட்டுவோரும், பெரிய குடும்பத்தாரும் இத்தகைய வண்டிகளைப் பழையதாக வாங்குவதுண்டு. புதிதில் எட்டாத விலையில் இருந்த வண்டி, சில ஆண்டுகள் ஓடியபின் எட்டும் விலைக்கு இறங்கி வருகிறது. சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்குக் கடனும் வாங்கி எடுக்கும் வண்டி, வாங்கிய சில மாதங்களில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? தரகர் 'வண்டி பஞ்சு மாதிரி போகும்' என்பார். அது உண்மைதானா என்று அறிய, உங்களிடம் ஓர் அளவு நாடாவும், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு இயற்பியலும் போதும்.

நம் மண்ணில் பிறந்த இரு வண்டிகள்

இரு வகைக்கும் எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மறைமலைநகர், 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த ஃபோர்டு ஆலையில் 'எண்டவர்' என்னும் எஸ்.யூ.வி. உருவானது. 2016இல் வெளிவந்த எண்டவருக்கு முன்னும் பின்னும் சுருள்விற்கள். அதன் பின் அச்சு பக்கவாட்டில் நகராதபடி 'வாட் இணைப்பு' என்னும் அமைப்பு பிடித்துக்கொள்கிறது. நீராவி எந்திரத்துக்குப் பெயர்போன ஜேம்ஸ் வாட் 1784இல் காப்புரிமை பெற்ற அதே இணைப்புதான்! ஆலையை மூடப்போவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022இல் உற்பத்தி நின்றது. ஆகவே அந்த வண்டியை விரும்புகிறவர் பழையதைத்தான் தேட வேண்டும்.

அதன் அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் பி.எம்.டபிள்யூ. ஆலை தொடங்கப்பட்டது. அங்கே 2019 முதல் பொருத்தப்பட்டுவரும் 'எக்ஸ் 7' வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் காற்று வில். ஒரே வட்டாரத்தில் பிறந்த இரு வண்டிகள். ஆனால் சுமையைத் தாங்கும் முறை முற்றிலும் வேறு.

ஒரே ஆசான், இரு விற்கள்

சுருள்வில் என்றவுடன் ராபர்ட் ஹூக்கின் பெயர் நினைவுக்கு வரும். வில்லின் நீட்சி அதன் மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை அவர் 1678இல் வெளியிட்டார். காற்று என்றால் ராபர்ட் பாயில். வெப்பநிலை மாறாதபோது வளிமத்தின் அழுத்தமும் பருமனும் ஒன்றுக்கொன்று தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்பதை 1662இல் அவர் காட்டினார்.

சுவையான செய்தி என்னவென்றால், பாயிலின் ஆய்வுகளுக்கு வேண்டிய காற்றுப் பம்பை உருவாக்கிக் கொடுத்தவர் அவருக்கு உதவியாளராக இருந்த ஹூக்தான்! பாயில் 1660இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'காற்றின் வில்' என்னும் கருத்து வருகிறது. அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது எஃகுக்கு மட்டும் உரிய குணமன்று. காற்றுக்கும் உண்டு என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டனர். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். விட்டவுடன் அது மேலே எழும். அதுவே காற்று வில்.

சுருள்வில்லின் கணக்கு

சுருள்வில்லுக்கு உரிய சமன்பாடு எளியது.

விசை = விறைப்பு × அமுக்கம்

விறைப்பு என்பது வில்லை ஒரு சென்டிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை. எஸ்.யூ.வி.யின் பின்சக்கரம் ஒன்றின் மேல் 500 கி.கி. சுமை அமர்வதாகவும், வில்லின் விறைப்பு செ.மீ.க்கு 400 நியூட்டன் எனவும் கொள்வோம். (சக்கரத்துக்கு நேர் மேலே வில் இருப்பதாகக் கருதிக் கணக்கை எளிதாக்கிக்கொள்கிறோம்.)

எடை = 500 × 9.8 = 4,900 நியூட்டன்
அமுக்கம் = 4,900 ÷ 400 = 12.25 செ.மீ.

வண்டியை அமுக்கி விட்டால் அது மேலும் கீழுமாக அலையும். அதன் அதிர்வெண்ணைக் காணும் வாய்பாடு:

அதிர்வெண் = √(விறைப்பு ÷ நிறை) ÷ 6.28

இங்கே விறைப்பை மீட்டருக்கு நியூட்டன் என்னும் அலகில், அதாவது 40,000 என எடுக்க வேண்டும். 40,000 ÷ 500 = 80. அதன் இருமடி மூலம் 8.94. அதை 6.28ஆல் வகுத்தால் 1.42 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அலைவு. 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரையான மெல்லிய அசைவு நம் உடலுக்கு இதமாக இருக்கிறது. 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையான செங்குத்து அதிர்வே நம்மை மிகவும் வருத்துவது. பொறியாளர்கள் வில்லைத் தேர்ந்தெடுக்கும்போது இதனை மனத்தில் கொள்கின்றனர்.

இனி, பிள்ளையார்பாளையத்திலிருந்து சேலைக்கட்டுகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி சென்னைக்குப் புறப்படுகிறது. பின் அச்சின் மேல் 300 கி.கி. கூடுகிறது, சக்கரத்துக்கு 150 கி.கி. இப்போது நிறை 650 கி.கி. அமுக்கம் 6,370 ÷ 400 = 15.9 செ.மீ. பின்புறம் 3.7 செ.மீ. கீழே இறங்கிவிட்டது. அதிர்வெண்ணும் 1.25 ஹெர்ட்ஸாகக் குறைகிறது.

இரண்டு விளைவுகளைக் கவனியுங்கள். பின்புறம் தாழ்வதால் முன்விளக்கின் ஒளி மேல்நோக்கிப் போய் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்கிறது. அடுத்து, வில் மேலும் அமுங்க மிச்சமிருக்கும் இடமும் குறைகிறது. வெறும் வண்டியில் 8 செ.மீ. இடம் இருந்ததென்றால் சுமையேற்றிய பின் 4.3 செ.மீ.தான் இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் 'டம்' என்று அடிவாங்குவது இதனால்தான்.

காற்று வில்லின் கணக்கு

காற்று வில் என்பது தடித்த ரப்பர் பை. அதற்குள் காற்று, சுமையைத் தாங்கும் அளவு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். பையின் பயனுறு பரப்பு 100 சதுர செ.மீ., காற்றுத் தம்பத்தின் உயரம் 25 செ.மீ. என்று கொள்வோம். 4,900 நியூட்டன் எடையை 100 சதுர செ.மீ. தாங்க வேண்டுமானால், சதுர செ.மீ.க்கு 49 நியூட்டன். இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4.9 மடங்கு. வெளியே உள்ள வளிமண்டலத்தையும் சேர்த்தால் உள்ளழுத்தம் மொத்தம் 5.9 மடங்கு.

பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது காற்று விரைவாக அமுங்குகிறது. அந்தச் சிறு நேரத்தில் உண்டாகும் வெப்பம் வெளியேற இயலாது. சைக்கிள் பம்பு சூடாவது நினைவிருக்கிறதா? ஆகவே இங்கே பாயில் விதி மட்டும் போதாது, 1.4 என்னும் காரணியையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்போது,

விறைப்பு = 1.4 × உள்ளழுத்தம் × பரப்பு ÷ உயரம்

இந்த வாய்பாட்டை உற்றுப் பாருங்கள். விறைப்பு ஒரு மாறிலி அன்று. அது அழுத்தத்தோடு சேர்ந்து கூடுகிறது. சுமை கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும். சுமையும் விறைப்பும் சேர்ந்தே கூடும்போது அவற்றின் விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை. எனவே அதிர்வெண்ணும் அவ்வளவாக மாறுவதில்லை!

எண்களைப் போட்டுப் பார்த்தால் வெறும் வண்டியில் 1.29 ஹெர்ட்ஸ், 150 கி.கி. கூட்டிய பின் 1.27 ஹெர்ட்ஸ். சுருள்வில்லில் அதிர்வெண் 12 விழுக்காடு மாறியது. இங்கே 2 விழுக்காடுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சுமை ஏறியபோதும் உயரம் 25 செ.மீ. ஆகவே இருந்தது என்று நாம் கொண்டோம். அது தானாக இருந்துவிடாது. சக்கரத்தின் அருகே உள்ள உயர உணரி 'வண்டி தாழ்ந்துவிட்டது' என்று சொல்ல, மின்கம்ப்ரசர் ஓடிக் காற்றை ஏற்ற, வால்வு திறந்து மூட, வண்டி பழைய மட்டத்துக்கு எழுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது சற்றுத் தாழ்ந்தும், கரடுமுரடான பாதையில் சற்று உயர்ந்தும் நிற்க இதே ஏற்பாடு உதவுகிறது.

கம்ப்ரசர் பழுதானால் என்ன ஆகும்? பாயில் விதியைப் பயன்படுத்துங்கள். உள்ளழுத்தம் 5.9இலிருந்து 7.37ஆக உயர வேண்டும். உயரம் 25 × 5.9 ÷ 7.37 = 20 செ.மீ. அதாவது வண்டி 5 செ.மீ. இறங்கும். சுருள்வில் வண்டி இறங்கியதோ 3.7 செ.மீ.தான்! கம்ப்ரசர் வேலை செய்யாத காற்று வில், சாதாரணச் சுருள்வில்லைவிட மோசம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது. காற்று வில் வண்டியை வாங்குபவர் பையை மட்டும் வாங்கவில்லை. கம்ப்ரசர், உலர்த்தி, வால்வுத் தொகுதி, குழாய்கள், உணரிகள், கணிப்பொறிப் பெட்டி அனைத்தையும் வாங்குகிறார்.

தணிப்பான் என்னும் மூன்றாமவர்

வில் எதுவாயினும் அது ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும், அழிக்காது. வில் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்குப் பின் வண்டி பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலை எண்ணெயின் உராய்வால் வெப்பமாக மாற்றுவது 'ஷாக் அப்சார்பர்' எனப்படும் தணிப்பான். சுருள்வில்லோ காற்று வில்லோ, இரண்டுக்கும் இது தேவை.

சாலையில் ஒரே இடைவெளியில் மேடுகள் வரிசையாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அவை வண்டியின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும். இது ஒத்ததிர்வு. 6 மீட்டர் இடைவெளியும் 1.3 ஹெர்ட்ஸும் எனில் அந்த வேகம் 6 × 1.3 = நொடிக்கு 7.8 மீட்டர், அதாவது மணிக்கு 28 கி.மீ. தணிப்பான் செத்த வண்டி அந்த வேகத்தில் மேலும் மேலும் துள்ளும். சக்கரம் தரையில் அழுந்தும் விசை குறைந்து பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. 'காற்று வில் கெட்டுவிட்டது' என்று சொல்லப்படும் வண்டிகளில் உண்மையில் கெட்டது தணிப்பானாகவும் இருக்கலாம். பணம் செலவிடும் முன் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதுமையின் அடையாளங்கள்

எஃகு எவ்வாறு முதுமை அடைகிறது? சுருள்வில்லின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 16 மி.மீ. கம்பி துருவினால் 15 மி.மீ. ஆகிவிட்டதென்றால், 15/16இன் நான்காம் அடுக்கு 0.77. விறைப்பில் 23 விழுக்காடு போய்விட்டது! கம்பிக்குள் எழும் தகைவோ 21 விழுக்காடு கூடிவிடுகிறது. வில்லின் அடிச்சுற்றில் மண்ணும் நீரும் தங்குவதால் துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்; முறிவும் அங்கேதான் நிகழும். முறிந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும். ஆகவே டார்ச் விளக்கை அடித்து அடிச்சுற்றைப் பார்க்காமல் சுருள்வில் வண்டியை வாங்கக் கூடாது.

சிலர் வண்டியைத் தாழ்த்துவதற்காக வில்லின் சுற்றுகளை வெட்டிவிடுவார்கள். விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். 8 சுற்றில் 2 சுற்றை வெட்டினால் விறைப்பு 8 ÷ 6 = 1.33 மடங்காகிறது. வண்டி தாழ்கிறது, குலுக்கலும் கூடுகிறது. வெட்டிய வில் உள்ள வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

ரப்பரின் முதுமை வேறு விதம். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. பையின் மடிப்பில் நுண்ணிய கீறல்கள் தோன்றும். வண்டியை முழு உயரத்துக்கு எழுப்பினால்தான் மடிப்பு விரிந்து கீறல் கண்ணுக்குத் தெரியும். வண்டியின் அடியில் புகாமல், சக்கர வளைவின் பக்கமாக நின்றே பார்க்க வேண்டும். வண்டி திடீரென்று தாழ்ந்துவிடலாம்.

கசிவு இருப்பின் கம்ப்ரசர் அடிக்கடி ஓடிச் சூடாகித் தேய்கிறது. சிறு கீறலைக் கவனிக்காமல் விட்டவர், பைக்கும் கம்ப்ரசருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்.

ஈரப்பதமும் ஓர் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தை எண்ணுங்கள். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு எனில் 24 கிராம் இருக்கும். அத்தகைய 7 கன மீட்டரை ஒரு கன மீட்டருக்குள் அமுக்கினால் 168 கிராம் நீராவி. ஆனால் அதே வெப்பநிலையில் 30 கிராமுக்குத்தான் இடம். மீதி 138 கிராம் நீராகிவிடும்! இதனைத் தடுக்கவே கம்ப்ரசரை அடுத்து உலர்த்தி உள்ளது. மருந்துக் குப்பிகளில் காணும் சிலிக்கா ஜெல் போன்ற ஈரமுறிஞ்சிதான் அதனுள் இருப்பது. பல ஆண்டு மாற்றப்படாத உலர்த்தி ஈரத்தை விட்டுவிடும், வால்வுகள் துருப்பிடிக்கும்.

உறுப்புகள் கூடக்கூட நம்பகம் குறைவதையும் கணக்கிடலாம். ஓர் உறுப்பு ஓராண்டு பழுதின்றி ஓட 100க்கு 98 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்து உறுப்புகளும் பழுதின்றி இருக்க வேண்டுமானால் 0.98ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.82. அதாவது ஐந்தில் ஒரு வண்டி, ஓராண்டுக்குள் எங்கேனும் ஒரு பழுதைக் காணும். ஒவ்வோர் உறுப்பும் நல்லதே. ஆனால் தொகுப்பு அவ்வளவு நல்லதன்று.

ஓர் இரவுச் சோதனை

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? அழுத்தமானியை வைத்துப் பார்த்தால் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். போதாது! நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எடை மாறுவதில்லை. எடை ÷ பரப்பு = அழுத்தம்; ஆகவே பை ரப்பர் அடைப்பில் உட்காரும் வரை, காற்று கசிந்தாலும் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். குறைவது உயரம் மட்டுமே. எனவே நமக்கு வேண்டிய கருவி அளவு நாடாதான்.

மாலையில் வண்டியைச் சமதரையில், இயல்பான உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். பிறகு கதவைத் திறக்காதீர்கள். சில வண்டிகளில் கதவு திறந்தால் கம்ப்ரசர் விழித்துக்கொள்ளும். விடியற்காலையில் மீண்டும் அளவுங்கள்.

உயரம் 1 செ.மீ. குறைந்திருக்கிறது. கசிவா? அவசரப்படாதீர்கள். மாலை வெப்பநிலை 38 டிகிரி, விடியலில் 24 டிகிரி என்று கொள்வோம். கெல்வின் அளவில் 311, 297. அழுத்தம் மாறாதபோது பருமன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்பது சார்லஸ் விதி.

உயரக் குறைவு = 25 × (14 ÷ 311) = 1.1 செ.மீ.

ஆக, ஒரு துளிக் காற்றும் கசியாமலேயே வண்டி 1.1 செ.மீ. தாழ வேண்டும்! நான்கு சக்கரங்களிலும் இந்த அளவே குறைந்திருந்தால் பயமில்லை. ஒரு சக்கரத்தில் மட்டும் 4, 5 செ.மீ. குறைந்திருந்தால் அங்கே கசிவு. அங்கே சோப்பு நுரையைத் தடவினால், பஞ்சர் கடைத் தொட்டியில் ட்யூபிலிருந்து குமிழி வருவதுபோல் இங்கும் வரக்கூடும். சில வண்டிகள் நிறுத்திய பின்னும் நான்கு மூலைகளையும் தாமே ஒரே மட்டத்துக்கு இறக்கிக்கொள்ளும். வண்டியின் கையேட்டில் இதைப் பற்றிப் பார்த்துக்கொள்வது நலம்.

இரவு முழுவதும் வண்டியை வைத்துக்கொள்ள விற்பவர் இசைய மாட்டாரெனில், அவர் வீட்டிலேயே அளக்கலாம். அல்லது விடியற்காலையில், அவர் எந்திரத்தை இயக்கும் முன் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் எந்திரம் ஓடியிருந்தால் கம்ப்ரசர் இரவின் சாட்சியத்தை அழித்திருக்கும்.

இரு வகை வண்டிக்கும் பொருந்தும் மற்றொரு சோதனை: எந்திரம் ஓடும்போது, வண்டியை நகர்த்தாமல், 60 கி.கி. வீதம் நால்வரைப் பின்புறச் சாமான் இடத்தில் அமர்த்துங்கள். சக்கரத்துக்கு 120 கி.கி. நம் சுருள்வில் 2.9 செ.மீ. இறங்கி அப்படியே நிற்கும். இரு பக்கமும் சமமாக இறங்க வேண்டும். நல்ல காற்று வில் முதலில் இறங்கி, கம்ப்ரசர் ஓடியதும் பழைய மட்டத்துக்கு எழும். எழவில்லை எனில் வாங்குபவர் யோசிக்க வேண்டும். கடைசியாக வண்டியின் மூலையை அமுக்கி விடுங்கள். ஒன்று, ஒன்றரை அலைவில் அடங்கினால் தணிப்பான் நலம். இரண்டுக்கு மேல் எண்ண முடிந்தால் அது மாற்றப்பட வேண்டியது.

எதை வாங்கலாம்?

காற்று வில் நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் 1957இல் காடிலாக் நிறுவனம் 'எல்டோராடோ புரோம்' காரில் இதனைப் பொருத்தியது. கசிவுத் தொல்லை தாங்காமல் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள்வில்லைப் பொருத்திக்கொண்டனர். இன்றும் பழைய காற்று வில் வண்டிகளுக்கு அவ்வாறு செய்வோர் உண்டு. ஆனால் மட்டத்தைத் தானே சரிசெய்யும் வசதி அதோடு போய்விடும். எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டிருக்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இதனால் காற்று வில் தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் ரயிலைப் பாருங்கள். சக்கர அச்சுக்கும் போகிச் சட்டத்துக்கும் இடையே எஃகுச் சுருள்வில். போகிக்கும் பெட்டிக்கும் இடையே காற்று வில். ஒரே வண்டியில் இரண்டும்! பயணிகள் ஏறி இறங்கச் சுமை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் காற்றுக்கு இணை இல்லை. காலந்தவறாமல் சோதிக்கப் பணிமனையும் ஆட்களும் ரயில்வேயிடம் இருக்கிறார்கள். அதுதான் வேறுபாடு.

ஆகவே வீட்டில் பேச்சு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வண்டியின் சுமை நாளுக்கு நாள் பெரிதும் மாறுமா? காற்று வில்லைப் பழுதுபார்க்கத் தெரிந்த பட்டறை எட்டும் தூரத்தில் உள்ளதா? வண்டியின் விலைக்கு மேல், ஒரு பையும் ஒரு கம்ப்ரசரும் மாற்றும் தொகை தனியே கையில் இருக்குமா? அந்தத் தொகையை முன்கூட்டியே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ 'இல்லை' என்பது விடையானால், நல்ல நிலையில் உள்ள சுருள்வில் வண்டியே அந்த வீட்டுக்கு ஏற்றது. முதலாவதற்கும் சேர்த்து மூன்றுக்கும் 'ஆம்' எனில், இரவுச் சோதனையில் தேறிய காற்று வில் வண்டியைத் தயங்காமல் எடுக்கலாம்.

விடை காணுங்கள்

1. மாலையில் 40 டிகிரி, விடியலில் 22 டிகிரி. காற்றுத் தம்பத்தின் உயரம் 20 செ.மீ. மூன்று சக்கரங்களில் 1.1 செ.மீ., இடப் பின்சக்கரத்தில் மட்டும் 4 செ.மீ. தாழ்ந்துள்ளது. உங்கள் முடிவு என்ன?

2. 9 சுற்றுகள் கொண்ட சுருள்வில்லில் ஒன்றரைச் சுற்று வெட்டப்பட்டது. முன்பு அதிர்வெண் 1.30 ஹெர்ட்ஸ். இப்போது எவ்வளவு?

3. 5 மீட்டருக்கு ஒரு மேடு உள்ள சாலையில், 1.25 ஹெர்ட்ஸ் வண்டி எந்த வேகத்தில் மிக அதிகமாகத் துள்ளும்?

விடைகள்: 1. வெப்பநிலையால் மட்டும் 20 × 18 ÷ 313 = 1.15 செ.மீ. தாழும், ஆகவே மூன்று சக்கரங்கள் நலம், இடப் பின்சக்கரத்தில் கசிவு. 2. விறைப்பு 9 ÷ 7.5 = 1.2 மடங்கு, அதிர்வெண் 1.30 × √1.2 = 1.42 ஹெர்ட்ஸ். 3. 5 × 1.25 = நொடிக்கு 6.25 மீட்டர், மணிக்கு 22.5 கி.மீ.